பாதியில் நிற்கும் கம்ப்யூட்டரும் பாதுகாக்க வேண்டிய கணக்கும்



திண்டுக்கல் - மதுரை சாலையில், காந்திகிராமத்தை ஒட்டி நமது மளிகை மொத்தக் கடை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. சிட்டை, பேரேடு என்று கையெழுத்திலேயே காலம் தள்ளிய நாம், 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டரை நம்பி வாழ வேண்டியவர்களாகி விட்டோம். அந்த நம்பிக்கையில் நாம் பட்ட பாட்டைச் சொன்னால், மற்றவர்களாவது முன்கூட்டியே விழித்துக்கொள்வார்கள் என்றே இதை எழுதுகிறோம்.

நமது கடைக் கம்ப்யூட்டர் 2016இல் வாங்கியது. சென்ற ஆண்டு ஒரு மாதம் 20ஆம் தேதி காலை, அதைப் போட்டதும் திரையில் அப்டேட் நடப்பதாகவும், அணைக்க வேண்டாம் என்றும் வாசகம் வந்தது. 35 சதவீதத்தில் நின்றது நின்றதுதான். அன்றுதான் 3பி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். வாசலில் மல்லி மூட்டையோடு லாரி வேறு நிற்கிறது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்த கணக்குப் பையன், பொறுமையிழந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டான். அதன் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்லை.

பழுது பார்க்க வந்தவர் சொன்னது இதுதான்: ஹார்டு டிஸ்க் தேய்ந்து கிடக்கிறது, அதில் காலியிடம் 2 ஜிபி கூட இல்லை, நாம் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்த நகலோ ஆறு வாரம் பழையது. ஆறு வாரத்து விற்பனையையும் பில் புத்தகத்தைப் பார்த்து மறுபடி ஏற்ற ஐந்து நாள் ஆயிற்று. ரிட்டர்ன் தாமதமானதற்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், ரொக்கமாகச் செலுத்திய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி.

பணம் போனதைவிட மனதில் தைத்தது வேறொன்று. அந்த நாட்களில் ஒரு கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர் பாக்கி கட்ட வந்தார். அவர் பாக்கி எவ்வளவு என்று நம்மால் சொல்ல முடியவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, "அண்ணாச்சி, என் கணக்குப்படி இவ்வளவு வருது" என்று சொல்லி எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்த வியாபாரியின் கணக்கு சில்லறை வியாபாரியின் நோட்டில் பத்திரமாக இருந்தது! அவர் யோக்கியர், நாம் தப்பித்தோம்.

இதில் அப்டேட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கிடங்கு நிறைய மூட்டை அடுக்கி, நடக்கக்கூட இடம் விடாமல் வைத்துக்கொண்டு, புது லோடு இறக்கச் சொன்னால் சுமை தூக்குபவர் என்ன செய்வார்? அப்டேட்டும் அப்படித்தான். புது ஃபைல்களை இறக்கி, பழையதை ஓரமாக எடுத்து வைத்து, தவறு நேர்ந்தால் திரும்பப் போடவும் அதற்கு இடம் வேண்டும். விண்டோஸ் அப்டேட்டுக்கு 20 ஜிபி அளவாவது காலியாக இருப்பது நல்லது.

அடுத்த முறை யாருக்கேனும் இப்படி நின்றால், நாம் அனுபவத்தில் கற்றதைச் சொல்கிறோம்.

முதலில் பொறுமை. சதவீதம் ஒரே சீராக ஏறாது. பெட்டியின் முன்புறச் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று பொருள். பழைய கம்ப்யூட்டரில் பல மணி நேரம் பிடிக்கலாம். இரவு முழுவதும் விட்டாலும் தவறில்லை. விளக்கும் அசையாமல், சதவீதமும் பல மணி நேரமாக நகராமல் இருந்தால் மட்டும் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி அணைக்கலாம். பிரிண்டர், பென் டிரைவ், ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட வேண்டும். பெரும்பாலும் கம்ப்யூட்டரே அரைகுறை வேலையை ரத்து செய்து பழைய நிலைக்கு வந்துவிடும்.

வந்ததும் தேதியைப் பாருங்கள். பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்து தேதி தவறினால், அப்டேட் இறங்க மறுக்கும். அதே அப்டேட் மீண்டும் மீண்டும் நின்றால், பாதி இறங்கிய ஃபைல் கெட்டிருக்கலாம். அப்டேட் சர்வீஸை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்பதன் கீழ் உள்ள டவுன்லோட் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டு, மறுபடி இறக்கலாம். விவரம் தெரிந்தவரை வைத்துக்கொண்டு செய்வது உத்தமம்.

கம்ப்யூட்டர் எழவே இல்லையென்றால் ஒன்றே ஒன்று கவனம்: கணக்கை நகல் எடுக்காமல் 'ஃபார்மட்' செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டினாலே பெரும்பாலும் கணக்கை மீட்டுவிடலாம். பிறகு அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால், பழைய பெட்டியும் புதிது போல ஓடும். யுபிஎஸ் பேட்டரியையும் மறக்க வேண்டாம். அப்டேட் நடுவே கரண்ட் போனாலும் பிளக்கைப் பிடுங்கியது போலத்தான்.

"அப்படியானால் அப்டேட்டையே நிறுத்திவிடலாமே" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கூடாது என்பதே நமது கருத்து. கடைப் பூட்டின் கள்ளச்சாவி வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் பூட்டை மாற்றாமல் தூங்குவோமா? பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கிப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்களே மாட்டினார்கள்.

அதே சமயம் அப்டேட்டும் தவறலாம். 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களிலேயே போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய கம்பெனிக்கே அன்று பேனாதான் கைகொடுத்தது.

ஆகவே, அப்டேட் வேண்டும். அதற்கு முன் நகல் வேண்டும். 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ரிட்டர்ன் நாட்கள் என்பதால், அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்தும் வசதியைப் பயன்படுத்தி, 20 தாண்டிய ஒரு விடுமுறை நாளில் நாமே உட்கார்ந்து போட வேண்டும். தினமும் கடை அடைக்கும் முன் கணக்கை நகல் எடுத்து, வாரம் ஒரு நகலை வீட்டில் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடன் பாக்கிப் பட்டியலைச் சனிக்கிழமைதோறும் தாளில் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நம்மிடம் உள்ள பழைய பெட்டிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. எல்லோராலும் உடனே புதிது வாங்க முடியாது. அதுவரை பழைய பெட்டியை இன்டர்நெட் இணைப்பின்றி பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, ரிட்டர்ன், ஈ-வே பில் வேலைகளை வேறொன்றில் செய்வதே பாதுகாப்பு.

நமது சங்கம் ஆண்டுக்கு இருமுறை, நம்பகமான பழுது பார்ப்பவரைக் கொண்டு, உறுப்பினர் கடைகளின் கம்ப்யூட்டர்களைச் சோதித்து நகல் எடுத்துத் தரும் முகாம் நடத்த ஆவன செய்ய வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். எடைக்கல்லுக்கு முத்திரை போடத் தவறாத நாம், கணக்குப் பெட்டியையும் அப்படியே கவனித்தாக வேண்டும். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம். கணக்கு போனால் வாக்கும் நாணயமும் சேர்ந்து போகும்.