பாடுவோரா, பிடிப்போரா?

முந்திரித் தோப்புகள் சூழ்ந்த செந்துறை வட்டாரத்துச் சிற்றூர்களில் பொங்கல் வந்துவிட்டால் கபடிக் களங்களும் எழுந்துவிடும். மின்விளக்கொளியில் இரவெல்லாம் ஆட்டம் நடக்கும். பாடிச் செல்லும் இளைஞர் இருவரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி மீண்டால் ஊரே ஆர்ப்பரிக்கும். ஒலிபெருக்கி அவர் பெயரை ஊர் எல்லைவரை கொண்டு செல்லும். மூலையில் நின்று கணுக்காலைப் பற்றி, மண்ணில் புரண்டு, முழங்கை தேய எழுபவரின் பெயரை அவ்வளவு உரக்கச் சொல்வார் இலர். அணியில் யாருக்கு முதலிடம் தருவது, பாடுவோருக்கா பிடிப்போருக்கா என்னும் வினா இவ்விடத்தேதான் பிறக்கிறது.

இவ்வினாவைப் பொழுதுபோக்காகக் கருதிவிட முடியாது. இவ்வட்டாரத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கபடி என்பது கல்லூரி இடத்துக்கும், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிட்டும் பணிக்கும் ஒரு வழி. அவ்வழியின் வாயிலில் தேர்வாளர் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய தேர்வுக் களம் ஒன்றில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். இடது மூலையில் நின்ற மாணவர் ஒருவரின் பிடிக்கு அஞ்சி, எதிரணியினர் அப்பக்கம் கால் வைக்கவே தயங்கினர். ஆட்டம் முழுவதும் வலப்புறமே நடந்தது. இறுதியில் அம்மாணவரின் பெயருக்கு நேரே ஒரே ஒரு புள்ளி இருந்தது. தேர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எவரும் அணுக அஞ்சிய மூலை, எவர் கண்ணிலும் படாத மூலையாயிற்று!

புள்ளிக் கணக்கு இயல்பாகவே பாடுவோர் பக்கம் சாய்ந்தது. பாடிச் செல்பவர் ஒரே மூச்சில் மூவரையும் நால்வரையும் வெளியேற்றலாம். பிடிப்போருக்குக் கிட்டுவது ஒரு புள்ளி. களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ எஞ்சி நின்று பிடித்தால் இரண்டு. ஆயினும் பிடிபட்டவர் எதிரணியின் தலைசிறந்த பாடகராயின், தம் அணியினர் புள்ளி ஈட்டி அவரை மீட்கும்வரை அவர் வெளியே அமர்ந்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அவர் எடுக்காமற்போன புள்ளிகளை எந்த ஏட்டில் எழுதுவது?

2014இல் தொடங்கிய புரோ கபடித் தொடர் இவ்வினாவுக்குப் பல சான்றுகளைத் தந்துள்ளது. 2023ஆம் ஆண்டு ஏலத்தில் பவன் செராவத்தைத் தெலுங்கு டைட்டன்ஸ் அணி 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. அவர் நன்றாகவே ஆடினார். அணியோ பன்னிரண்டில் கடைசியாக முடித்தது. அதே தொடரில் ஈரான் நாட்டுத் தற்காப்பு வீரர் முகம்மத்ரெசா ஷத்லூயியைப் பெற்ற புனேரி பல்தான் வாகை சூடியது. அடுத்த தொடரில் அவர் அரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குச் சென்றார். 2024 டிசம்பரில் அவ்வணி தன் முதற் கோப்பையை வென்றது.

மறுபக்கச் சான்றையும் மறைத்தல் அறமாகாது. 2017இல் பர்தீப் நர்வால் பாடிச் சென்றே 369 புள்ளிகள் குவித்தார். பாட்னா பைரேட்ஸ் மூன்றாம் முறையாகத் தொடர்ந்து கோப்பையை வென்றது. தனியொருவரின் பாட்டு ஓர் அணியை உச்சிக்கு ஏற்றும் என்பதற்கு இதனினும் பெருஞ்சான்று வேண்டா. ஆயினும் அவர் விலகிச் சென்றபின், ஷத்லூயி முதலிய பிடிப்பாளரை நம்பி ஆடிய அதே பாட்னா அணி, 2022 பிப்ரவரியில் இறுதியாட்டம் வரை வந்து ஒரே ஒரு புள்ளியில்தான் தோற்றது. உச்சிக்கு ஏற்றுவது பாட்டு. சரியாமல் காப்பது பிடி.

கூடைப்பந்திலும் இதே வழக்குண்டு. அமெரிக்காவில் மைய ஆட்டக்காரரான வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அவ்வாண்டுக் கோப்பையோ, தடுப்பாட்டத்தில் வல்லவரான பில் ரஸ்ஸலின் பாஸ்டன் அணிக்கே சென்றது. ரஸ்ஸல் 13 பருவங்களில் 11 கோப்பைகளை வென்றவர். சேம்பர்லின் தம் ஆட்டக்காலம் முழுவதும் வென்றவை இரண்டு. ரஸ்ஸல் தடுத்த பந்துகள் எத்தனை என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே இல்லை. 1969இல் அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே அக்கணக்கை எழுதத் தொடங்கினர். எண்ணப்படாமையால் அவர் தடுத்தது பொய்யாகிவிடுமா?

தமிழ் பயிலும் மாணவர்க்கு இச்செய்தி புதிதன்று. ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி சூட்டிய நம் புலவர், அதனை மீட்போர்க்குக் கரந்தை சூட்டினர். மதிலை வளைப்போர்க்கு உழிஞை எனில், உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சி. திருவள்ளுவரும் படைக்கு அதிகாரம் வகுத்ததோடு அமையாது, அரணுக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். காப்போர்க்கும் மாலை உண்டு என்பது நம் மரபு. அம்மாலை இன்று களத்தில் வாடிக் கிடக்கிறது.

பாடுவோர் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. பிடிப்போர் மட்டும் நிற்கும் அணி தோல்வியைத் தள்ளிப்போடுமேயன்றி வெற்றியைத் தொடாது. ஆனால் ஓரிடமே எஞ்சியிருந்து, ஒத்த திறமுடைய இருவர் நின்றால், பிடிப்பவரையே எடுக்க வேண்டும் என்பது நம் துணிபு. பாடுவோர் ஒரு நாள் ஒளிர்வர், ஒரு நாள் மங்குவர். நல்ல பிடியோ நாள்தோறும் நிற்கும்.

தேர்வுப் பணியிலிருக்கும் ஆசிரியப் பெருமக்கள் குறிப்பேட்டில் இன்னும் ஒரு பத்தி சேர்ப்பார்களாக: புள்ளியின்றித் திருப்பி அனுப்பப்பட்ட பாட்டுகள் எத்தனை, எதிரணி அஞ்சி ஒதுங்கிய பக்கம் எது என எழுதட்டும். ஊர்ப் போட்டிகளுக்குப் பரிசு வழங்கும் பெரியோர், சிறந்த பாடகர்க்குத் தரும் அதே தொகையைச் சிறந்த பிடிப்பாளர்க்கும் தருவார்களாக. மாணவச் செல்வங்களே, அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர்க் களத்தருகே நிற்கும்போது, பாடிச் செல்பவரைப் பார்த்த கண்ணை ஒருமுறை மூலைப் பக்கமும் திருப்புங்கள். அங்கே ஒருவர் பேசாமல் நின்று உங்கள் ஊரைக் காத்துக்கொண்டிருப்பார்.