தூக்கிய பானெட் விழாமல் நிற்குமா?

சிறுமலைக்குப் போகும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. திண்டுக்கல் சமவெளியில் இருந்து கிளம்பும் கார், வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. வழியில் ஏதாவது ஒரு கார் ஓரம் கட்டி நிற்பது உண்டு. என்ஜின் சூடேறி இருக்கும். டிரைவர் இறங்குவார். காரின் முன்பக்கத்து மூடியைத் தூக்குவார்.

அந்த மூடிக்குத்தான் "பானெட்" என்று பெயர்.

தூக்கினால் மட்டும் போதுமா? தூக்கிய பானெட் விழாமல் நிற்க வேண்டும். ஏன் என்றால், அதன் அடியில் ஒரு மனிதர் தலையை விடப் போகிறார். இரண்டு கைகளையும் விடப் போகிறார். பானெட் இரும்புத் தகட்டால் ஆனது. பெரிய கார்களில் அதன் எடை 20 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அது சடார் என்று விழுந்தால் என்ன ஆகும்? விரல் நசுங்கும். மண்டை உடையும்.

ஆகவே, பானெட்டை எது தாங்குகிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

இரண்டு கட்சி

கார் வைத்திருப்பவர்களிடம் இதில் இரண்டு கட்சி உண்டு.

ஒரு கட்சிக்குக் கம்பிதான் பிடிக்கும். பானெட்டைத் தூக்கி, உள்ளே படுத்து இருக்கும் கம்பியை எடுத்து, பானெட்டில் உள்ள துளையில் மாட்டிவிட வேண்டும். இது முட்டுக் கொடுப்பது போல. சிறுமலை வாழைக்குப் பெயர் போன இடம். தார் தள்ளிய வாழை சாயாமல் இருக்க, விவசாயிகள் கவட்டைக் கம்பை முட்டுக் கொடுப்பார்கள். அதே வேலையைத்தான் இந்தக் கம்பியும் செய்கிறது.

இன்னொரு கட்சிக்குக் கம்பி பிடிக்காது. பானெட்டைக் கொஞ்சம் தூக்கினால் போதும், அது தானாக மேலே போய் நிற்க வேண்டும் என்பார்கள். அதற்காக இரண்டு பக்கமும் குழாய் போன்ற தாங்கிகள் இருக்கும். இவற்றுக்கு "காஸ் தாங்கி" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பட்டறைகளில் இப்படி ஒரு பேச்சு நடப்பது உண்டு.

"என்ன அண்ணே, இவ்வளவு விலை கொடுத்து வாங்கின காரு. ஒரு கம்பியைக் கொடுத்து ஏமாத்திட்டாங்களே!"

"கம்பி இருந்தா என்ன தம்பி? உள்ளே தலையை விடுறவன் நான். எனக்குக் கம்பிதான் தைரியம்."

"அப்போ காஸ் வச்ச காரு வேண்டாமா?"

"புதுசா இருக்கிற வரைக்கும் அது ராஜாதான். பழசாயிட்டா, எப்போ கையை விடும்னு அதுக்கே தெரியாது!"

இந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, இந்தத் தாங்கிகளின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இறக்கை போல் திறந்த மூடி

அமெரிக்காவில் ஹென்றி போர்டின் கம்பெனி 1908-ம் ஆண்டு "மாடல் டி" என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காரின் என்ஜின் மூடி முன்னால் தூக்குவது அல்ல. நடுவில் கீல் இருக்கும். இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பறவையின் இறக்கை போலத் தூக்க வேண்டும்.

ஜீப்பில் வேறு விதம். பக்கத்துக் கொக்கிகளைக் கழற்றிவிட்டு, பானெட்டை அப்படியே பின்னால் சாய்ப்பார்கள். அது முன் கண்ணாடிச் சட்டத்தில் போய்ச் சாய்ந்துகொள்ளும். கம்பியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

பிறகு கார்கள் பெரிதாயின. பானெட்டும் அகலமானது. அமெரிக்காவின் பெரிய கார்களில் கீல் அருகே கனமான ஸ்பிரிங்குகளை வைத்தார்கள். பானெட்டின் பாரத்தை அந்த ஸ்பிரிங் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காஸ் தாங்கிகள் அதற்குப் பிறகு பரவின.

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய வண்டி மாருதி 800. அது 1983-ம் ஆண்டு டிசம்பரில் வந்தது. 2014-ம் ஆண்டு வரை தயாரானது. அதன் பானெட்டைத் தாங்கியது ஒரே ஒரு கம்பிதான். லட்சக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கம்பியோடுதான் காலம் தள்ளின. இன்றும் ஏராளமான கார்களில் கம்பியே இருக்கிறது.

காரணம் என்ன? கம்பி மலிவு. எடை குறைவு. பழுதாக அதில் ஒன்றும் இல்லை. ஒரு காரில் மிச்சமாகும் பணம் சிறிது. பல லட்சம் கார்களுக்குக் கணக்குப் பார்த்தால் அது பெரிய தொகை.

காஸ் தாங்கி எப்படி வேலை செய்கிறது?

இதில் இருப்பது சமையல் காஸ் அல்ல. தீப்பிடிக்காத நைட்ரஜன் வாயு.

ஒரு குழாய்க்குள் நைட்ரஜனை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து இருப்பார்கள். டயரில் உள்ள காற்றின் அழுத்தத்தைவிட அது பல மடங்கு அதிகம். குழாயில் இருந்து ஒரு தண்டு வெளியே வந்து பானெட்டில் மாட்டி இருக்கும். வாயு அந்தத் தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலில் பானெட் நிற்கிறது. உள்ளே சிறிது எண்ணெயும் உண்டு. அதனால் தண்டு வழுக்கிக்கொண்டு நிதானமாக நகரும்.

இதில் சுகம் அதிகம். ஒரு கையால் திறக்கலாம். குறுக்கே கம்பி இல்லாததால் வேலை செய்ய இடம் தாராளம். வயதானவர்களுக்கும், கை வலு குறைந்தவர்களுக்கும் இது பெரிய உதவி. கம்பி, என்ஜின் சூட்டில் கொதித்து இருக்கும். தெரியாமல் தொட்டால் கை சுட்டுவிடும். காஸ் தாங்கியில் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் ஒரு குறை உண்டு. வருஷங்கள் போகப் போக வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடும். தாங்கியின் பலம் குறையும். வெளியில் இருந்து பார்த்தால் அது தெரியாது. புதிய தாங்கியும் பழைய தாங்கியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கம்பி அப்படி அல்ல. வளைந்து இருந்தால் கண்ணுக்குத் தெரியும். துளையில் சரியாக உட்காராவிட்டால் கைக்குத் தெரியும். கம்பி தன் குறையை ஒளிக்காது. காஸ் தாங்கி ஒளித்து வைக்கும். பட்டறைப் பேச்சில் உள்ள நியாயம் இதுதான்.

மலையில் ஏன் கவனம் வேண்டும்?

திண்டுக்கல் வீதியில் பானெட்டைத் தாங்கி நிற்கும் பழைய காஸ் தாங்கி, சிறுமலைச் சாலையில் கைவிடலாம். அதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், குளிர். குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். புதிய தாங்கிக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே பலம் குறைந்து, ஏதோ தாங்கிக்கொண்டு இருக்கும் தாங்கிக்கு அந்தச் சிறிய குறைவே போதும்.

இரண்டாவது காரணம், சரிவு. பெரும்பாலான கார்களில் பானெட்டின் கீல், கண்ணாடிக்கு அருகில் இருக்கிறது. கார் மேட்டைப் பார்த்து நின்றால் தூக்கிய பானெட் பின்னால் சாய்ந்து நிற்கும். பாரம் குறைவு. கார் பள்ளத்தைப் பார்த்து நின்றால் பானெட் முன்னால் சாயும். தாங்கியின் மேல் பாரம் கூடும்.

கம்பிக்கும் மலையில் ஓர் எதிரி உண்டு. அது காற்று. முன்னால் இருந்து பலமாகக் காற்று அடித்தால் பானெட் மேலே எழும்பும். கம்பி துளையில் இருந்து நழுவும். காற்று நின்றதும் பானெட் விழும். ஆகவே, காற்று வீசும் இடத்தில் திறக்கும்போது ஒரு கை பானெட்டின் மேல் இருப்பது நல்லது. கம்பியை அதற்கு உரிய துளையில்தான் மாட்ட வேண்டும். வேறு ஏதோ ஒரு விளிம்பில் முட்டுக் கொடுத்தால் அது முட்டு அல்ல, கண்ணி!

அறிகுறிகள்

காஸ் தாங்கி பழசானதைக் கண்டுபிடிக்கச் சில அறிகுறிகள் உண்டு.

தூக்கிய பானெட் மெதுவாகக் கீழே இறங்கினால், தாங்கி ஓய்ந்துவிட்டது. தண்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், கசிவு தொடங்கிவிட்டது. முன்பு தானாக மேலே போன பானெட்டை இப்போது கடைசி வரை கையால் தள்ள வேண்டி இருந்தால், பலம் குறைந்துவிட்டது. காலைக் குளிரில் நிற்காமல் மதிய வெயிலில் மட்டும் நின்றால், அதற்கும் அர்த்தம் அதுதான்.

மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று இருந்தால் பானெட் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கழற்றிய பழைய தாங்கியைத் துளை போடக்கூடாது. தீயில் போடக்கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தம் ஆளையே காயப்படுத்திவிடும். குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்கவும் கூடாது.

கம்பி உள்ள காரில் ஆசைக்காகக் காஸ் தாங்கி பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த பானெட்டுக்கு ஏற்ற பலம் உள்ள தாங்கியைத்தான் பொருத்த வேண்டும். பலம் அதிகமாக இருந்தால் பானெட் வளையும். மூடவும் முரண்டு பிடிக்கும். பலம் குறைவாக இருந்தால் நடுவில் கைவிடும்.

எது நல்லது?

கம்பி வைத்த காரை மட்டமாக நினைக்க வேண்டியது இல்லை. காஸ் தாங்கி வைத்த காரைச் சந்தேகப்படவும் வேண்டியது இல்லை. இரண்டும் நல்லவையே. ஆனால் காஸ் தாங்கியின் சுகத்தை விரும்புகிறவர், அதற்கு ஆயுள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்ந்துபோனதும் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று தள்ளிப் போடக்கூடாது.

ஏன் என்றால், தள்ளிப் போடுகிறவர் ஒருவர். அடிபடுகிறவர் இன்னொருவர். சொந்தக்காரர் பானெட்டை என்றைக்கோ ஒரு நாள் திறக்கிறார். தினமும் அதன் அடியில் நிற்பவர் மெக்கானிக். ஸ்பானரை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர். அவர்கள் கையை நம்பித்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

தாங்கி ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தால், காரைப் பட்டறையில் விடும்போதே சொல்லிவிட வேண்டும். "அண்ணே, பானெட் நிக்காது. கட்டை வச்சுக்குங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரு வார்த்தை ஒருவருடைய விரலைக் காப்பாற்றும்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. உறுதியான ஒரு முட்டுக் கட்டையைப் பட்டறையில் எப்போதும் வைத்து இருக்க வேண்டும். எந்தக் கார் வந்தாலும், பானெட்டை ஒரு தடவை அசைத்துப் பார்த்த பிறகே தலையை உள்ளே விட வேண்டும். கார் செய்யும் கம்பெனிகளும் ஒன்று செய்யலாம். தாங்கியை எப்போது சோதிக்க வேண்டும், எப்போது மாற்ற வேண்டும் என்பதை, வாங்குகிறவருக்குப் புரியும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

மூடிய பிறகும் ஒரு வேலை

திறப்பதில் இருக்கும் கவனம் மூடுவதிலும் வேண்டும். கம்பியை எடுக்க மறந்துவிட்டு பானெட்டை அழுத்தினால் தகடு வளைந்துவிடும். முதலில் கம்பியை எடுத்து, அதன் இடத்தில் படுக்க வைக்க வேண்டும். பிறகு பானெட்டை ஓர் அடி உயரம் வரை இறக்கி, கையை விட்டுவிட வேண்டும். அதன் பாரத்திலேயே அது பூட்டிக்கொள்ளும். காஸ் தாங்கி உள்ள பானெட்டைக் கொஞ்சம் தள்ளிவிட வேண்டி இருக்கும்.

பானெட் சரியாகப் பூட்டாமல் கார் ஓடினால், வேகத்தில் அது எழும்பி முன் கண்ணாடியையே மறைத்துவிடும். அதைத் தடுக்க இரண்டாவதாக ஒரு கொக்கியும் இருக்கிறது. ஆனால் அந்தக் கொக்கியை நம்பி 18 வளைவுகளில் இறங்க முடியுமா?

திண்டுக்கல் பூட்டு ஊர் உலகம் அறிந்தது. 2019-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பேர்ப்பட்ட பூட்டையும் வீட்டுக்காரர் சும்மா விடுவது இல்லை. பூட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார். பிறகுதான் படி இறங்குகிறார்.

பானெட்டுக்கும் அதே பழக்கம் வேண்டும். திறந்ததும் ஒரு தடவை அசைத்துப் பார்க்க வேண்டும். மூடியதும் ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும்.

கம்பியோ, காசோ, எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு விநாடி வேலைதான். அதைச் செய்யாமல் விட்டு இழக்கும் விரலை எந்தப் பட்டறையிலும் திரும்பப் பொருத்த முடியாது.