கார்டு ஊரில், நோயாளி மும்பையில்

மும்பைத் தமிழர் குடும்பங்களில் காய்ச்சல், இருமல் என்றால் டாக்டரைத் தேடி அலைய வேண்டியதில்லை. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் என எங்கு பார்த்தாலும் தெருமுனையில் ஒருவர் இருக்கிறார். அவர் தமிழும் பேசிவிட்டால் வேறு எதையும் யாரும் விசாரிப்பதில்லை. தொல்லை தொடங்குவது, அந்த டாக்டர் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்து "பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்று சொல்லும் நாளில்தான்.

எந்த ஆஸ்பத்திரி? பணம் யார் கொடுப்பது? இந்த இரண்டு கேள்விகளையும் டாக்சியில் ஏறிய பிறகு யோசிக்கும் குடும்பங்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் விடை கிடைத்தாலும் பயன் குறைவு.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை

உண்மையில் இன்று திட்டங்களுக்குக் குறைவில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை. மகாராஷ்டிர அரசுக்கு மகாத்மா ஜோதிராவ் புலே பெயரிலான திட்டம் உண்டு. முதலில் ரூ.1½ லட்சமாக இருந்த அதன் வரம்பும் ரூ.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருப்பவர் உட்பட மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் இதை விரிக்க 2023-ல் முடிவாகி, 2024-ல் நடைமுறைக்கு வந்தது.

"மாநிலத்தின் குடும்பம்" என்ற இடத்தில்தான் நம்மவர்கள் இடறுகிறார்கள். தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இருபது ஆண்டுகளாக இங்கே குடித்தனம். பிள்ளைகள் படிப்பது இங்கே. ரேஷன் கார்டு மட்டும் திருநெல்வேலி மாவட்டத்து ஊரில், தாயார் பெயரோடு சேர்ந்து கிடக்கிறது. அதிலிருந்து பெயரை நீக்கி இங்கே புதுக் கார்டு வாங்கலாம். ஆனால் ஊரில் கிடைக்கும் இலவச அரிசி, பொங்கல் பரிசு ஆகியவற்றில் கை வைக்க மனம் வருவதில்லை. இதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. என்றைக்காவது ஊர் திரும்ப வேண்டியவன் என்ற நினைப்பும் அந்தக் கார்டோடு ஒட்டியிருக்கிறது.

விளைவு என்ன? ஆஸ்பத்திரியில் "ஆரோக்கிய மித்ரா" என்ற பலகையின் கீழ் இருப்பவர், இம்மாநில ரேஷன் கார்டோ குடியிருப்புச் சான்றோ கேட்கிறார். கையில் இருப்பதோ ஊர்க் கார்டின் நகல்.

மத்தியத் திட்டத்தின் மூலப் பட்டியலில் குடும்பத்தின் பெயர் இருந்தால் கவலை குறைவு. அந்த உரிமை மாநில எல்லையோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் பதிவானவர் மும்பையில் சேர்க்கப்பட்ட ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெறலாம். தமிழக முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் மாநில வருமானச் சான்றின் பேரில் சேர்ந்தவர் அதே வசதியை இங்கு எதிர்பார்ப்பது சரியல்ல. ஊரில் ஒரே கார்டாகத் தோன்றுவது எந்த வகை என்பதை 14555 என்ற எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். இன்னொன்று: இத்திட்டங்கள் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. வெளிநோயாளியாக மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அல்ல.

கம்பெனி ஆட்கள்

பட்டறைகளிலும் கம்பெனிகளிலும் வேலை செய்வோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பள வரம்பு 2017-ல் ரூ.21,000 ஆக்கப்பட்டது. 2019 ஜூலையில் தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் இதில் அடங்கும். அந்த வகையில் இதற்கு ஈடான திட்டம் அரிது. ஆயினும் சம்பளத்தில் பிடித்தம் போவதைச் சீட்டில் பார்த்துவிட்டு, தனக்குரிய டிஸ்பென்சரி எது என்று ஒருநாளும் போய்ப் பார்க்காதவர்கள் ஏராளம். ரயில்வேக்காரர்கள் பாடு தேவலை. பைகுல்லாவிலும் மும்பை சென்ட்ரலிலும் அவர்களுக்குச் சொந்த ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

பாலிசி வைத்திருப்போர்

தனியார் காப்பீடு எடுத்தவர்கள் ஏஜெண்டு கொடுத்த ஆஸ்பத்திரிப் பட்டியலை நம்பியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் நிலையானதல்ல. இந்த ஆண்டு இருக்கும் ஆஸ்பத்திரி அடுத்த ஆண்டு இருக்க வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத இடத்திலும் ரொக்கமின்றிச் சிகிச்சை பெறும் ஏற்பாட்டைக் காப்பீட்டுக் கம்பெனிகள் 2024 ஜனவரியில் அறிவித்தன. முன்கூட்டியே தீர்மானித்த ஆபரேஷன் என்றால் 48 மணி நேரத்துக்கு முன்பும், அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தகவல் கொடுக்க வேண்டும். அதே ஆண்டு மே மாதம், அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும் நேரத்து இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது அறை வாடகை. ரூ.3 லட்சம் பாலிசியில் அறைக்கு ஒரு சதவீதம் என்று எழுதியிருந்தால் நாளொன்றுக்கு ரூ.3,000. உறவினர் வந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ரூ.6,000 அறை எடுத்தால் கூடுதல் வாடகை மட்டும் கையைக் கடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. இத்தகைய பாலிசிகளில் சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியே கிடைக்கும்.

டாக்டரைப் பற்றி

டாக்டரின் பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகளைப் படிக்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பி.ஏ.எம்.எஸ். என்றால் ஆயுர்வேதம், பி.எச்.எம்.எஸ். என்றால் ஹோமியோபதி. அவை தகுதியான படிப்புகளே. ஆனால் எதைப் படித்தவரிடம் எதற்குப் போகிறோம் என்பது தெரிய வேண்டாமா? அலோபதி டாக்டர் தமது பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்ட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. எண் இருந்தால் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம். எண்ணே இல்லாத சீட்டு என்றால் வேறு டாக்டரிடம் போவது மேல்.

எந்தக் கார்டும் இல்லாதவருக்கு மாநகராட்சியின் சயான், கே.இ.எம்., நாயர் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும். ஆனாலும் கடினமான நோய்களுக்குத் தனியார் ஆஸ்பத்திரிகளே அங்கு அனுப்பிவைப்பதும் உண்டு. "தர்மாஸ்பத்திரி" என்று முகம் சுளித்துவிட்டுத் தாலியை அடகு வைப்பது தேவையற்றது.

ஊரிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் முதியவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 70 வயது நிறைந்தவர் யாராயினும், வருமானம் பாராமல், ஆயுஷ்மான் திட்டத்தில் சேரலாம் என்பது 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வயதுக்கு ஆதார் அட்டையே சான்று. ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. நோய் வந்து படுக்கும் முன்பே கார்டு எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.