வீட்டரங்கிற்கு எந்தப் பெட்டி?

கருவடிக்குப்பம் என்றதும் இலக்கிய அன்பர்களின் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று பாரதியின் குயில் தோப்பு. மற்றொன்று, 1922ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம். சுவாமிகளின் 'பவளக்கொடி' நாடகம் 1934இல் திரைப்படமாயிற்று, எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு அதுவே முதற்படம். மேடையிலிருந்து திரைக்கு வந்த அக்கலை இன்று வீட்டுச் சுவரில் தொங்கும் டிவிக்குள் புகுந்துவிட்டது. அந்த டிவியோடு இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டியைப் பற்றி இலக்கிய அன்பர்கள் எழுதுவதா எனச் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். நல்ல படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் என்பதனால், எந்தப் பெட்டியை வாங்குவது என்று நம்மைத்தான் அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். கேட்பவர்க்கு ஒழுங்காகப் பதில் சொல்வதும் இரசனையின் கடமையே.

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுவோம். பெட்டியின் விலையைப் பார்ப்பதற்கு முன், அதற்குச் சான்றிதழ் உண்டா என்று பாருங்கள். 'எட்டு கே', '128 ஜிபி', 'எல்லாச் சேனலும் வாழ்நாள் முழுதும் இலவசம்' என்றெல்லாம் அட்டையில் அச்சிட்டு மலிவாக விற்கப்படும் பெயரற்ற ஆண்ட்ராய்டுப் பெட்டிகளைக் கையால் தொட வேண்டாம் என்பதே எங்கள் தீர்க்கமான கருத்து.

காரணம் இரண்டு. நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள், படம் களவு போகாமலிருக்க 'வைட்வைன்' என்னும் பூட்டைப் பயன்படுத்துகின்றன. அதில் எல்1 என்னும் உயர்நிலை இல்லாத பெட்டிக்கு அவை தெளிவான படத்தைத் தருவதில்லை. டிவி நான்கு கே-யாக இருக்கலாம், இணைய வேகம் நூறாக இருக்கலாம். வந்து சேர்வதோ ஏறத்தாழ 480 கோடுகளில் குழம்பிய படம். கட்டணம் முழுதும் செலுத்தி, பழைய சிடி காலத்துக் காட்சியைப் பார்ப்பது யாருக்கு இலாபம்?

இரண்டாவது காரணம் இதனினும் கொடியது. கனடாவைச் சேர்ந்த டேனியல் மிலிசிக் என்பவர், இணையத்தில் தாம் வாங்கிய டி95 என்னும் பெட்டியில் தீநிரல் முன்கூட்டியே புதைக்கப்பட்டிருந்ததை 2023 ஜனவரியில் வெளிப்படுத்தினார். 'பேட்பாக்ஸ்' எனப் பெயரிடப்பட்ட அவ்வகை மோசடியின் இரண்டாம் வடிவத்தை இயக்கியோர்மீது கூகுள் 2025 ஜூலையில் நியூயார்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட சான்றிதழற்ற கருவிகள் அவ்வலையில் சிக்கியிருந்ததாக அது கூறியது. அதற்கு முந்தைய மாதமே அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களை எச்சரித்திருந்தது. இப்பெட்டிகள் நம் வீட்டு இணைய இணைப்பை அயலாருக்கு வாடகைக்கு விடுகின்றன. எங்கோ இருக்கும் ஒருவன் செய்யும் மோசடி, நம் வீட்டிலிருந்து நடந்ததாகவே பதிவாகும். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பெட்டி வாங்கிய பெரியவரிடம் நாளை காவல் துறையினர் வந்து விசாரித்தால், அவர் என்ன விளக்கம் சொல்வார்?

இனி, சான்றிதழ் உள்ள பெட்டிகளுள் எதைத் தேர்வது? விளம்பரங்கள் சொல்லாத ஒன்று படம் பார்ப்போருக்கு முக்கியம். திரைப்படம் வினாடிக்கு 24 சட்டங்களால் ஆனது. பெட்டிகளோ பெரும்பாலும் வினாடிக்கு 60 முறை படத்தை அனுப்புகின்றன. அறுபதை இருபத்து நான்கால் வகுத்தால் மீதியின்றி வராது. ஆகவே ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும். கேமரா நிதானமாக நகரும் காட்சியில் மெல்லிய குலுக்கலாக இது தெரியும். சண்டைக் காட்சியில் தெரியாது. மகேந்திரன் படத்தில் தெரியும்! சட்ட வேகத்தைப் படத்திற்கேற்ப மாற்றும் வசதி ஆப்பிள் டிவியில் செம்மையாக உள்ளது. மற்றவற்றில் பெட்டிக்குப் பெட்டி, செயலிக்குச் செயலி வேறுபடும். ஆனால் 2022இல் வந்த ஆப்பிள் டிவி 4கே-யின் தொடக்க விலையே 14,900 ரூபாய். அதிலும் லேன் கம்பி செருகும் துளை 128 ஜிபி வகையில் மட்டுமே. நல்ல டிவியும், படத்தைப் படமாகப் பார்க்கும் பொறுமையும் உள்ளவர் வாங்கலாம். மற்றவர்க்கு அது ஆடம்பரமே.

பெரும்பாலான வீடுகளுக்கு அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்கோ, கூகுள் சான்றிதழ் பெற்ற பெட்டியோ போதும். ஸ்டிக்கை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகி ஓட்டாதீர்கள். மின்சாரம் போதாமல் நின்று நின்று எழும். உடன்வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள். வைஃபை சுவரைத் தாண்டத் திணறும் பழைய வீடென்றால், லேன் துளையுள்ள பெட்டி நலம்.

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல இயலும். கைப்பேசியில் குழந்தைகள் ஆடும் பெரும்பாலான விளையாட்டுகள் தொடுதிரைக்காக ஆக்கப்பட்டவை; ரிமோட்டுக்கு அவை அடங்குவதில்லை. புளூடூத் கன்ட்ரோலர் ஒன்று தனியே வேண்டும். ஸ்டிக்குகள் பலவற்றின் சேமிப்பிடம் 8 ஜிபி மட்டுமே. இயங்குதளமும் செயலிகளும் எடுத்தது போக எஞ்சுவதில் இரண்டு மூன்று விளையாட்டுகள் அடங்கினால் அதிகம். டிவியில் 'கேம் மோடு' இருந்தால் அதை இயக்குங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலுள்ள தாமதம் குறையும். படம் பார்க்கும்போது மறவாமல் அதை நீக்கிவிடுங்கள். விளையாட்டே முதன்மை என்போர் இந்தப் பெட்டிகளைவிட்டுப் பழைய கன்சோல் ஒன்றைத் தேடுவதே முறை.

இன்னொன்று. இப்பெட்டிகள் எவையும் நிரந்தரமல்ல. 2013இல் 35 டாலருக்கு அறிமுகமாகி, பத்துக் கோடிக்கு மேல் விற்ற குரோம்காஸ்டையே கூகுள் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஆகவே, இத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்துக்கு முன்னுரிமை தருக.

அண்மையில் வாங்கிய ஸ்மார்ட் டிவி தடையின்றி ஓடுகிறதென்றால் பெட்டியே வேண்டாம். டிவியின் அமைப்புக்குள் சென்று, சதுரத்தை நெருங்கிய பழைய படங்களை இழுத்து அகலமாக்கும் வசதியை மட்டும் நிறுத்திவிடுங்கள். பாகவதர் குண்டாகத் தெரிய மாட்டார்.