சோடியம் பார்க்க நாங்களும் முன்னாடி வரலாமா?



போன வாரம் எங்கள் வகுப்பில் சோடியம் சோதனை நடந்தது. நடந்தது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். "பொம்பளப் பிள்ளைங்க பின்னாடி தள்ளி நில்லுங்கம்மா, வெடிக்கும்" என்றார் சார். பையன்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். எனக்குத் தெரிந்தது அவங்க தலை. காதில் விழுந்தது 'உஸ்ஸ்' என்ற சத்தம்.

சார் அக்கறையாத்தான் சொன்னார், குறை சொல்லல. ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டில் அடுப்பு பற்ற வைப்பதும் கொதிக்கிற கஞ்சியை வடிப்பதும் யாரு? நாங்கதானே? அங்கே யாரும் தள்ளி நில்லுன்னு சொல்றதில்லை!

சோடியம் ஆபத்தானதுதான். அதன் கடைசி வட்டப்பாதையில் ஒரே ஒரு எலக்ட்ரான். தண்ணீர் பட்டதும் அதைக் கொடுத்துவிடும். ஹைட்ரஜன் வாயுவும் காஸ்டிக் சோடாவும் உண்டாகும். அப்போது வரும் சூட்டிலேயே சோடியம் உருகி (98 டிகிரியில் உருகிவிடும்) வெள்ளி முத்து மாதிரி தண்ணீர்மேல் ஓடும். பொட்டாசியத்தில் அந்த எலக்ட்ரான் இன்னும் தள்ளி இருப்பதால் இன்னும் வேகம், ஊதா நிறத்தில் எரியும். இன்னொரு வேடிக்கை, மண்ணெண்ணெய் பாட்டிலின் அடியில் கிடக்கிற அதே சோடியம் தண்ணீரில் மிதக்கும். மண்ணெண்ணெயைவிட கனம், தண்ணீரைவிட லேசு.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது. முன்னாடி நின்ற பையனிடம் கேட்டால் "சூப்பரா இருந்துச்சு" என்கிறான். அதுக்கு மேல அவனுக்குச் சொல்லத் தெரியல.

ஹைட்ரஜன் தீப்பிடிப்பதால்தான் வெடிக்கிறது என்று படிக்கிறோம். 2015-ல் செக் நாட்டு விஞ்ஞானிகள் அதிவேகக் கேமராவில் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலக்ட்ரான்கள் தண்ணீருக்குள் ஓடியதும், மிச்சமிருக்கும் உலோகத் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி முள் முள்ளாகச் சீறுகின்றனவாம். அப்படித்தான் வெடிப்பு தொடங்குகிறதாம். உத்துப் பார்த்ததாலதானே தெரிஞ்சுது?

தள்ளி நிக்கணும்ங்கிறது சரி. அப்ப எல்லாரும்தான் தள்ளி நிக்கணும். சோடியத்துக்கு ஆண் பெண் தெரியாது. அரிசி அளவு துண்டு, இடுக்கி, கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் போதும். (சோடியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.) அரைவட்டமாக நின்றால் எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை 'ஆ' பிரிவுக்குச் சோதனை இருக்காம். சார், அன்னைக்கு நாங்களும் வரலாமா? தண்ணீரில் பினாப்தலீன் விடுற வேலையை மட்டும் எங்கிட்ட கொடுங்க. அது இளஞ்சிவப்பா மாறுறத நான் பார்க்கணும்.

– 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி