‘சிக்ஸ் பை சிக்ஸ்’ சீட்டும் ஒரு பென்சிலும்

பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனையை எழுத்து அட்டையோடு முடித்துக்கொண்டால் போதும் என்று என்றைக்கோ எடுத்த முடிவைத் தொட இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. ஆறு மீட்டர் தள்ளி நிற்கவைக்கிறார்கள். ஒரு கண்ணை மூடு, படி. மறு கண்ணை மூடு, படி. கீழ்வரிவரை படித்துவிட்டால் ‘சிக்ஸ் பை சிக்ஸ்’ என்று எழுதி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். மூடிய கண்ணைத் திறந்து, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றனவா என்று யார் பார்ப்பது? மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும் அந்தக் கேள்வி பரிசோதனைத் தாளில் இல்லை.

2009-ல் ‘கண்ணொளி காப்போம்’ திட்டம் வந்தது. ஆசிரியர்களே முதலில் சோதிப்பதும், கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு இலவசக் கண்ணாடி கொடுப்பதும் நல்ல காரியம். குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆனால் கொடுத்த கண்ணாடிகளின் எண்ணிக்கைதான் கண்ணொளி என்று ஆகிவிட்டால், கண்ணாடியால் தீராத கோளாறு உள்ள பிள்ளை எந்தக் கணக்கிலும் வராது.

அப்படிப்பட்ட பிள்ளைகள் ஏதோ நூற்றில் ஒருவர் என்று நினைத்துவிடக் கூடாது. தமிழகத்தின் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளிகளில் 7 முதல் 17 வயதுவரை உள்ள 920 பேரைச் சோதித்து, சென்னை ஆய்வாளர்கள் 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாறுகண் என்று வெளியே தெரியாத இருகண் பார்வைக் கோளாறு நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். அதில் முதலிடம், அருகில் உள்ளதைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கிக் குவிய முடியாத கோளாறுக்கு. நகரத்தில் 16.5, கிராமத்தில் 17.6. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆறேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிள்ளைக்குத் தூரத்து எழுத்து பளிச்சென்று தெரியும். புத்தகத்தைக் கையில் எடுத்தால்தான் வினை. கால்மணி நேரத்தில் வரி இரண்டாகப் பிரியும், படித்த வரியையே மறுபடி படிக்கும், நெற்றிப்பொட்டு வலிக்கும். கண்ணைக் கசக்கும், அல்லது ஒரு கையால் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கும். வீட்டில் ‘செல்லு பார்த்தே கண்ணு கெட்டுப்போச்சு’ என்பார்கள், பள்ளியில் ‘கவனம் பத்தாது’ என்பார்கள். கையில் ‘சிக்ஸ் பை சிக்ஸ்’ சீட்டு இருப்பதால் யாரும் மறுபடி கண்ணைப் பார்க்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியவர் ஆப்டோமெட்ரிஸ்ட். அவரை நாம் எப்படித் தயார் செய்கிறோம் என்பதில்தான் நமக்கு உண்மையான எரிச்சல். திட்டம் கேட்பது கண்ணாடி எண். ஆகவே மாணவர் கைக்குப் பழகுவதும் கண்ணாடி எண். முகாமுக்கு முகாம் போய் நூற்றுக்கணக்கானவர்களுக்கு எண் பார்த்துத் தேர்ந்துவிடுகிறார். இருகண் பார்வை புத்தகத்தில் ஒரு தாள், தேர்வில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி.

அதைச் சோதிக்க லட்சக்கணக்கில் கருவி வேண்டுமா? பிராக் கயிறு என்று ஒன்று உண்டு. ஒரு வெள்ளைக் கயிறு, அதில் மூன்று நிறத்தில் மூன்று மணி. விளக்குத்தூண் பக்கம் பாசிமணி வாங்கி நாமே கோத்துவிடலாம். ஒரு முனையைக் கதவுக் கொண்டியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடுமணியைப் பார்க்க வேண்டும். கயிறு இரண்டாகத் தெரிந்து, சரியாக அந்த மணியிலேயே குறுக்கே வெட்ட வேண்டும். ஒரே கயிறுதான் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால், ஒரு கண்ணின் காட்சியை மூளை ஒதுக்குகிறது. வெட்டும் இடம் மணிக்கு முன்னால் வந்தால் ஒரு கதை, பின்னால் போனால் வேறு கதை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். எட்டு வயதுப் பிள்ளை ‘ஆமா’ என்று சொல்வது உண்மையில் ஆமாவா, டீச்சருக்குப் பயந்த ஆமாவா என்று பிரித்தறிய ஐம்பது பிள்ளைகளோடு உட்கார வேண்டும். அதுவும் ஒவ்வொரு பிள்ளையோடும் வாரக்கணக்கில். இந்த வாரம் இந்தப் பிரிவு, அடுத்த வாரம் அந்தப் பிரிவு என்று மாணவரைச் சுற்றவிட்டால், சிகிச்சையைத் தொடங்குபவர் ஒருவர், முடிவைப் பார்ப்பவர் வேறொருவர் என்றாகும். பெரும்பாலும் முடிவை யாருமே பார்ப்பதில்லை.

ஆகவே என்ன நடக்கிறது? பென்சில். ‘பென்சிலை மூக்குக்கிட்ட கொண்டு வா, தள்ளு, தினமும் செய்.’ ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தால் கடமை முடிந்தது. அமெரிக்காவில் இந்தக் குவியாக் கோளாறு உள்ள 221 பிள்ளைகளை வைத்து நடந்து 2008-ல் வெளியான ஆய்வு இதைத்தான் சோதித்தது. பயிற்சி பெற்றவர் வாராவாரம் நேரில் அமர்ந்து கொடுத்த சிகிச்சையில், 12 வாரத்தில் 73 சதவீதம் பேர் தேறினார்கள் அல்லது முன்னேறினார்கள். வீட்டில் பென்சிலோடு விடப்பட்டவர்களில் 43 சதவீதம். போலிச் சிகிச்சை கொடுக்கப்பட்டவர்களிலேயே 35 சதவீதம் பேர் அந்த நிலையை எட்டியிருந்தார்கள். பென்சிலின் யோக்கியதை அவ்வளவுதான். (சிகிச்சை எடுத்தால் பிள்ளை வகுப்பில் முதல் மாணவனாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நம்ப வேண்டாம். 2019-ல் வெளியான அடுத்த ஆய்வில், போலிச் சிகிச்சையைவிட இந்தச் சிகிச்சை வாசிப்புத் திறனைக் கூடுதலாக உயர்த்தவில்லை. தலைவலி இல்லாமல், வரி பிரியாமல் படிக்கலாம். அது போதாதா?)

பென்சிலின் கதை 2008-லேயே வெளிவந்துவிட்ட செய்தி. ஆனாலும் அரசு மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவசரம் என்பது வழக்கமில்லை. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் கொண்டுவர அவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2007-ல் ஒரு மசோதா. மக்களவை கலைந்ததும் அதுவும் காலாவதி. 2018 கடைசி நாளில் இன்னொன்று, நிலைக்குழுவுக்குப் போனது. 2021-ல் ஒருவழியாகச் சட்டம் வந்தது. ஆறு மாதத்தில் மாநிலந்தோறும் மன்றம் அமைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். எழுதியவர்களே மறந்தார்கள். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூப்பிட்டு, இரண்டு மாதத்தில் நிறைவேற்றுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. அந்தச் சட்டத்திலும் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் உதவியாளர், விஷன் டெக்னீஷியன் மூவரும் ஒரே கூடையில். நான்காண்டு படித்தவருக்கும் குறுகிய பயிற்சி பெற்றவருக்கும் வேறு வேறு வேலை என்பதைப் பிரித்துச் சொல்லக்கூட அவர்களுக்கு நேரமில்லை போலும். மூன்று மசோதா எழுதியவர்களிடம் ஒரு பரிசோதனைத் தாளில் ஒரு வரி சேர்க்கக் கேட்கிறோம். அதற்கு எத்தனை ஆண்டோ!

இது நடப்பது எந்த ஊரில் என்பதுதான் கூடுதல் வேதனை. 1976-ல் ஓய்வுபெற்ற ஒரு கண் மருத்துவர், டாக்டர் கோ. வெங்கடசாமி, 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மதுரை இது. வெளிநாட்டில் வாங்க முடியாத விலைக்கு விற்ற கண் லென்ஸை, 1992-ல் ஆரோலேப் இங்கேயே செய்து விலையைச் சரித்த ஊர். வைகைக் கரையில் எந்தக் கிராமத்திலும் ‘கேம்ப்’ என்றாலே கண் கேம்ப்தான். கண்புரையில் உலகத்துக்குப் பாடம் எடுத்த மண்ணில், பத்து வயதுப் பிள்ளையின் இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்க ஆள் பழக்க முடியாதா? முடியும். செய்யச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவர்கள் கண்ணாடிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பரிசோதனைத் தாள் மாற வேண்டும், மாணவர்களின் பயிற்சிக் காலமும் அதற்கேற்ப மாற வேண்டும். எந்தத் துறை, எந்த நிதி, எந்த ஆண்டு என்பதை அவர்களே உட்கார்ந்து பேசித் தீர்க்கட்டும், அதற்குத்தான் சம்பளம். அதுவரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை பிள்ளை ‘சிக்ஸ் பை சிக்ஸ்’ சீட்டோடு வீடு திரும்பினால், பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள்: ‘ரெண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தீங்களா?’