குதிரை கொடுத்த கடன்!



நாளைக்குக் காலையில எனக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் இன்டர்னல் டெஸ்ட். நாளைக்குத்தான் நாலாவது ஊசியும். எதுக்கு ஊசியா? சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, சொல்றேன். நாய் கடிச்சிருச்சு பாஸ்!

27 நாளைக்கு முன்னாடி, ராத்திரி பத்தரை மணி. மெஸ்ல அன்னிக்குக் கோதுமை உப்புமா. அதுக்குப் பயந்து நானும் ரூம்மேட்டும் தள்ளுவண்டிக் கடைக்குக் காளான் சாப்பிடப் போனோம். திரும்பறப்ப இருட்டுல வாலை மிதிச்சது நான்தான், அதனால நாய் மேல வருத்தம் இல்லை. கெண்டைக்கால்ல ரெண்டு பல் பதிஞ்சு ரத்தம். வண்டிக்கார அண்ணன் ஓடி வந்து, "சுண்ணாம்பு வெச்சுக் கட்டுங்க கண்ணு, செரியாப் போயிரும்"னாரு. நம்மாளு மிளகாய்ப்பொடிங்கறான். நல்லவேளை, பார்சல் வாங்க வந்த ஒரு அக்கா என்னைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போய், 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவ வெச்சாங்க. நர்ஸாம்!

அந்தச் சோப்புதான் முதல் மருந்து. ரேபிஸ் வைரஸுக்கு வெளியில ஒரு கொழுப்பு உறை இருக்கு. சோப்பு அதைக் கரைச்சு வைரஸையே காலி பண்ணிடும். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் புண்ணை இன்னும் ரணமாக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. ரெண்டு கையிலயும் தோலுக்குள்ளயே சின்னதா ஒவ்வொரு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரிதான். ஆனா அடுத்து கால்ல, கடிவாயைச் சுத்தியும் அதுக்குள்ளயும் குத்தினாங்க பாருங்க... அம்மான்னு கத்திட்டேன். "ஏங்க சார், கையிலதான் போட்டாச்சே, கால்ல எதுக்கு?"ன்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "கையில போட்டது தடுப்பூசி தம்பி. கால்ல போட்டது ஆன்டிபாடி. குதிரையோடது"ன்னுட்டு அடுத்த பேஷன்டைப் பார்க்கப் போயிட்டார்.

குதிரையா?!

ராத்திரி முழுக்கத் தூக்கம் வரலை. அடுத்த நாள் லைப்ரரியில உட்கார்ந்து புரட்டினேன். மெக்கானிக்கல்காரன் பயாலஜி புக்கைத் தொடறானேன்னு லைப்ரரியன் சாரே ஆச்சரியமா பார்த்தார்.

நம்ம ரத்தத்துல ஒரு கன மில்லிமீட்டருக்கு, அதாவது ஒரு சொட்டுல ரொம்பச் சின்ன பங்குக்கு, 4,000-ல இருந்து 11,000 வரைக்கும் வெள்ளை அணுக்கள் இருக்கு. காய்ச்சல்னு போனா பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்ல 'டோட்டல் கவுன்ட்'னு போடுவாங்களே, அது இதுதான். இதுல பாதிக்கு மேல நியூட்ரோஃபில். எங்க அடிபட்டாலும் முதல் ஆளா ஓடி வந்து, எதிர்ல வர்ற கிருமியை முழுங்கிட்டுச் செத்துப்போற கட்சி. பருவுல வர்ற சீழ்ல பெரும்பங்கு இவங்க பிணம்தான்! கிருமி யாரு, எந்த ஊருன்னு இவங்க விசாரிக்கறதில்லை.

விசாரிக்கற ஆளுங்க லிம்ஃபோசைட்டுகள். அதுல 'பி' செல்னு ஒரு வகை. இவங்கதான் ஆன்டிபாடி தயாரிக்கற பார்ட்டி. இதை நம்ம ஊர் கணக்குல சொல்றேன். கணபதி பக்கம் ஏதாவது ஒரு ஃபவுண்டரிக்குப் போய்ப் பாருங்க. பம்புக்கு, மோட்டாருக்குன்னு பேட்டர்ன் அடுக்கி வெச்சிருப்பாங்க. நம்ம உடம்பு அதே மாதிரி கோடிக்கணக்கான பேட்டர்னை முன்கூட்டியே செஞ்சு வெச்சிருக்கு. ஒரு பி செல்லுக்கு ஒரு பேட்டர்ன். எந்தக் கிருமி வரும்னே தெரியாம, குத்துமதிப்பா! புதுசா ஒரு கிருமி வந்தா, அதோட பொருந்தற பேட்டர்ன் யாருகிட்ட இருக்குன்னு தேடணும். கிடைச்ச செல்லுக்கு 'டி' செல் வந்து ஓகே சொல்லணும். அப்புறம் அந்த ஒரு செல் ரெண்டாகி, நாலாகி, ஆயிரக்கணக்குல பெருகி, அதுக்கப்புறம்தான் பல்க் புரொடக்‌ஷன். முழு வேகத்துல ஓடற ஒரு செல் ஒரு செகண்டுக்கு ஆயிரக்கணக்குல ஆன்டிபாடியைக் கக்குமாம். நம்ம ஊர் முதலாளிங்க பார்த்தா கண்ணு போட்டுடுவாங்க.

பிரச்னை எங்கன்னா, ஆர்டர் கொடுத்ததுல இருந்து சரக்கு வெளியே வர ஒரு வாரத்துக்கு மேல ஆகும். ரேபிஸ் தடுப்பூசி போட்டாலும் ஆன்டிபாடி தலைகாட்டவே ஏழு நாளுக்கு மேல ஆகும், போதுமான அளவு வர 14 நாள். சளி, ஜுரம்னா பரவால்ல, மூக்கை உறிஞ்சிக்கிட்டுக் காத்திருக்கலாம். ரேபிஸ்ல அந்தப் பருப்பு வேகாது. இந்த வைரஸ் ரத்தத்துல ஓடறதில்லை. கடிபட்ட இடத்து நரம்புக்குள்ள பூந்து, அது வழியாவே மூளைக்கு ஏறுது. நரம்புக்குள்ள போயிட்டா நம்ம வெள்ளை அணு போலீஸ் கண்ணுக்கு அது சிக்கவே சிக்காது. மூளைக்குப் போய் அறிகுறி வந்துட்டா, கிட்டத்தட்ட எல்லாருமே செத்துடறாங்க. பெரும்பாலும் ரெண்டு மூணு மாசம் ஆகும், சில பேருக்கு ஒரே வாரம். முகத்துலயோ கழுத்துலயோ கடிச்சா தூரம் கம்மி.

அதனாலதான் அந்தக் குதிரை. குதிரைக்கு ரேபிஸ் தடுப்பூசியைத் திரும்பத் திரும்பப் போட்டு, அதோட ரத்தத்துல ஊறின ஆன்டிபாடியைப் பிரிச்சு எடுக்கறாங்க. மனுஷ ரத்தத்துல இருந்து எடுக்கறதும் உண்டு, விலை ஜாஸ்தி. அதைக் கடிவாய்க்குள்ளயே இறக்கினா, நரம்புல ஏறக் காத்திருக்கற வைரஸ் மேல அங்கயே ஒட்டிக்கிட்டு உள்ள போக விடாது. இது சொந்தச் சரக்கு இல்லை, கடன். சில வாரத்துல கரைஞ்சிடும். அதுக்குள்ள நம்ம ஃபவுண்டரி ஓட ஆரம்பிச்சிடணும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிட்டா இந்தக் கடனைத் தர மாட்டாங்க, நம்ம சரக்கே வர ஆரம்பிச்சிடும்னு. இந்தக் கடன் ஐடியாவுக்குத்தான் 1901-ல மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு. டிப்தீரியாவுக்கு சீரம் வைத்தியம் கண்டுபிடிச்ச எமில் வான் பேரிங் வாங்கினார்.

0, 3, 7, 28-னு நாலு நாள் கணக்கும் சும்மா இல்லை. ஒவ்வொரு ஊசியும் அதே பேட்டர்னைத் திரும்பக் காட்டுது. நல்லாப் பொருந்தற செல்லுக்கு வாய்ப்பு, சொதப்பற செல்லுக்கு கெட்-அவுட். கடைசியில கொஞ்ச செல் மெமரி செல்லா தங்கிடும். பல வருஷம் கழிச்சு மறுபடி கடிச்சாலும் ரெண்டு டோஸ் தடுப்பூசி போதும், குதிரை வேண்டாம். (மறுபடியும் வாலை மிதிக்கிற உத்தேசம் எனக்கு இல்லைங்க!)

நாலு ஊசிக்கே நான் புலம்பறேன். எங்க அப்பாரு இளவட்டமா இருந்தப்ப தொப்புளைச் சுத்தி 14 ஊசி வாங்கினவர். வயிறு வீங்கி, குப்புறப் படுக்கவே முடியலையாம். அது ஆட்டு மூளையில தயாரிச்ச பழைய தடுப்பூசி. நரம்புச் சதை கலந்திருந்ததால, அபூர்வமா சில பேருக்கு வெள்ளை அணுக்கள் குழம்பிப்போய் சொந்த நரம்பையே தாக்கி, கை கால் விழுந்ததும் உண்டு. 2005 வாக்கில் நாடு முழுக்க அதை நிறுத்திட்டாங்க.

ஊட்டி டூர் போறப்ப குன்னூர்ல சிம்ஸ் பார்க்ல இறங்கி போட்டோ எடுத்திருப்பீங்க. அதுக்கு எதிர்லதான் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட், கவனிச்சிருக்கீங்களா? நான் நாலு தடவை போயும் பார்த்ததில்லை, கண்ணு முழுக்க மக்காச்சோளத்து மேலதான். 1902-ல வெறிநாய் கடிச்சு ஒரு இளம் ஆங்கிலேயப் பெண் இறந்துபோனாங்க. அப்ப இந்தியாவுல இதுக்குன்னு இருந்த இன்ஸ்டிடியூட் இமயமலை அடிவாரத்து கசௌலியில, 1900-ல ஆரம்பிச்சது. தெற்கே இருந்து ரயில் ஏறிப் போய்ச் சேர்றதுக்குள்ள என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. ஹென்றி ஃபிப்ஸ்னு ஒரு அமெரிக்கர் கொடுத்த நன்கொடையில, 1907 ஏப்ரல்ல குன்னூர்ல இது தொடங்குச்சு.

சரி, டெஸ்ட் விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஊசிதானே, நாலு நாள் கழிச்சுப் போட்டுக்கலாம்னுதான் முதல்ல நினைச்சேன். என்னைக் கடிச்ச நாயைப் பத்து நாள் கண்காணிச்சு, அது நல்லா இருந்தா நிம்மதின்னு சொல்வாங்க. அதை அன்னிக்கப்புறம் நாங்க யாருமே பார்க்கலை. ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் போனேன். "ஊசியைப் போட்டுட்டு வாப்பா, ரீடெஸ்ட் எழுதிக்கலாம்"னுட்டார். தங்கமான மனுஷன்!

இதை எழுதிட்டு இருக்கறப்ப ரூம்மேட் தோளுக்கு மேல எட்டிப் பார்த்துப் படிச்சுட்டே வந்தான். கடைசியில மெதுவா கேட்கறான்: "மாப்ள, கடிக்காம நகத்தால கீறினா?"

ரத்தம் வந்துச்சாடான்னேன். லேசா வந்துச்சாம். ஹாஸ்டல் பின்கட்டுல பிஸ்கட் போடுவானே, அந்தக் குட்டி. போன வெள்ளிக்கிழமை. அம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலையாம். சோப்பும் போடலை. நாள் ஆயிடுச்சேன்னு விடக் கூடாது, லேட்டானாலும் போட்டே ஆகணும்.

பைக் சாவியை எடுத்துட்டேன். மீதி அடுத்த வாரம்!